சியெனா: பதினேழு பேட்டைகளின் ஊருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், புளோரன்ஸுக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், மூன்று குன்றுகளின் முகடுகள் ஒன்றுகூடும் இடத்தில் சியெனா அமைந்திருக்கிறது. பெரும்பாலான பயணிகள் காலையில் புளோரன்ஸிலிருந்து பேருந்தேறி வந்து, திடலையும் பேராலயத்தையும் சுற்றிவிட்டு, பொழுது சாயுமுன் திரும்பிவிடுகிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டாம் முறை தங்கியபோதுதான், சுற்றுலாக் கூட்டம் கலைந்த பிறகு பின்தெருக்களில் சிறுவர்கள் மேளம் பழகும் ஓசையைக் கேட்டேன். அந்த மேளம் எதற்காக என்று விசாரிக்கப் போய்த்தான் இந்த ஊர் எனக்குப் பிடிபடத் தொடங்கியது. ஆகவே, இந்த வழிகாட்டி குறைந்தது இரண்டு இரவுகள் தங்கப்போகிறவர்களுக்காக எழுதப்படுகிறது.

காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

எப்போது போவது என்னும் முடிவே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஆண்டுதோறும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய இரு நாட்களில் பாலியோ என்னும் குதிரைப் பந்தயம் நடைபெறுகிறது. பந்தயத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள், பந்தய நாளுக்கு மூன்று நாள் முன்னரே, அதாவது ஜூன் 29 அல்லது ஆகஸ்ட் 13 அன்று, ஊருக்குள் இருக்குமாறு திட்டமிட வேண்டும். ஏன் என்பதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன். கூட்டமும் வெயிலும் ஒவ்வாதவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரையிலான நாட்களும் உகந்தவை. வசந்தத்தில் தொடங்கிக் கோடை முடியும்வரை ஒவ்வொரு பேட்டையும் தன் காவற்புனிதரின் திருவிழாவை முன்னிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கொடிகளோடும் மேளங்களோடும் ஊரைச் சுற்றிவரும். பாலியோவுக்கு வர இயலாதவர்கள் இந்த ஊர்வலங்களில் ஒன்றையாவது பார்த்துவிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, நெரிசலும் இராது. குளிர்காலத்தில் வருகிறவர்களுக்கும் ஒரு நாள் இருக்கிறது: டிசம்பர் 13, புனித லூசியாவின் திருநாள். அன்று கூடும் சந்தையில் பேட்டைகளின் நிறங்கள் பூசப்பட்ட சிறு சுடுமண் மணிகள் விற்கப்படும்.

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னராவது விண்ணப்பித்திருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோ அளவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. கோடையில் நேர்காணலுக்கு நாள் கிடைப்பது அரிது என்பதால், ஜூலை பாலியோவுக்கு வர எண்ணுகிறவர்கள் ஜனவரியிலேயே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

சென்று சேர்தல்

புளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா தொடர்வண்டி நிலையத்தை ஒட்டிய பேருந்து நிலையத்திலிருந்து விரைவுப் பேருந்து ஏறினால் ஒன்றே கால் மணி நேரத்தில் சியெனாவின் பழைய நகரை ஒட்டி இறங்கிவிடலாம். அங்கிருந்து நடுத்திடலுக்குப் பத்து நிமிட நடை. தொடர்வண்டியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் சியெனாவின் தொடர்வண்டி நிலையம் குன்றின் அடிவாரத்தில் இருப்பதால், எதிரே உள்ள வணிக வளாகத்துக்குள் புகுந்து, ஒன்றன்மேல் ஒன்றாக நீளும் நகரும் படிக்கட்டுகளில் ஏறி வடக்கு வாயிலை அடைய வேண்டும். காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், வண்டியில் ஏறுமுன் நிலையத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை இட்டுக்கொள்ளுங்கள், மறந்தால் அபராதம்.

நேரம் மிச்சப்படுத்தவே நான் பேருந்தைப் பரிந்துரைப்பேன். இருந்தாலும், தொடர்வண்டியில் வந்தால் போர்த்தா கமொல்லியா என்னும் அந்த வடக்கு வாயில் வழியாக ஊருக்குள் நுழையலாம் என்பது ஒரு பேறு. அதன் வெளிமுகத்தில், 1604இல் டஸ்கனியின் பெருங்கோமகனை வரவேற்பதற்காகப் பொறிக்கப்பட்ட லத்தீன் வரி இருக்கிறது: இந்த வாயிலைவிட அகலமாகச் சியெனா தன் நெஞ்சை உனக்குத் திறக்கிறது என்பது அதன் பொருள். வரவேற்கப்பட்டவர் மெதிச்சி குடும்பத்தவர். அதாவது, நீண்ட முற்றுகைக்குப் பின் 1555இல் சியெனாவை வீழ்த்தி அதன் தன்னாட்சியைப் பறித்த புளோரன்ஸின் ஆட்சிக் குடும்பம். அந்த வரியில் உபசாரம் எவ்வளவு, உள்ளடங்கிய ஏளனம் எவ்வளவு என்பதை வாயிலின் கீழே நின்று நீங்களே எடைபோட்டுக் கொள்ளலாம்.

வாடகைக் காரில் வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மதிலுக்கு உட்பட்ட பகுதி வாகனக் கட்டுப்பாட்டு மண்டலம். வாயில்களில் உள்ள கேமராக்கள் வண்டி எண்ணைப் பதிவு செய்துவிடும். என் நண்பர் ஒருவர் விடுதி வாசல்வரை ஓட்டிச் சென்று பெட்டிகளை இறக்கினார். ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழிந்த பிறகு, உள்ளே போனதற்கு ஒன்று, வேறு வாயில் வழியாக மீண்டும் நுழைந்ததற்கு ஒன்று என இரண்டு அபராதக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. காரை மதிலுக்கு வெளியே உள்ள நிறுத்தங்களில் விட்டுவிடுங்கள். அவற்றில் சிலவற்றிலிருந்து நகரும் படிக்கட்டுகளே உங்களை மேலே கொண்டுசேர்க்கும். அறையை மதிலுக்குள்ளேயே எடுப்பது நல்லது. செங்குத்தான கல் பாவிய தெருக்களில் உருளைப் பெட்டி படுத்தும் பாடு பெரிது என்பதால் முதுகுப்பையே மேல்.

பேட்டைகளை அறிந்துகொள்ளுதல்

கட்டடங்களைப் பார்க்கப் புறப்படுமுன் ஒரு சொல்லைப் பழகிக்கொள்ள வேண்டும்: கொன்த்ராதா. இதை நம் மொழியில் பேட்டை என்றே சொல்லலாம். சியெனாவில் இத்தகைய பேட்டைகள் 17 இருக்கின்றன. கழுகு, கம்பளிப்புழு, நத்தை, ஆந்தை, டிராகன், ஒட்டகச்சிவிங்கி, முள்ளம்பன்றி, ஒற்றைக்கொம்புக் குதிரை, பெண் ஓநாய், சிப்பி, வாத்து, அலை, சிறுத்தை, காடு, ஆமை, கோபுரம், ஆட்டுக்கடா என்பன அவற்றின் பெயர்கள். கோபுரப் பேட்டையின் சின்னத்தில் கோபுரத்தைச் சுமந்து நிற்பது ஒரு யானை. டஸ்கனியின் நடுவே அதைப் பார்க்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கும். இவற்றின் எல்லைகளை, மெதிச்சி குடும்பத்துக்கு மருமகளாக வந்து சியெனாவின் ஆளுநராக இருந்த பவேரியாவின் வியொலாந்தே பெயத்ரீச்சே 1729ஆம் ஆண்டின் ஆணையால் வரையறுத்தார். எந்தத் தெருவின் எந்த வீடு வரை எந்தப் பேட்டை என்பதற்கு இன்றும் அந்த ஆணையே அடிப்படை.

ஒவ்வொரு பேட்டைக்கும் தனிக் கோயில், தனி அருங்காட்சியகம், தனிக் குதிரை லாயம், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், பந்தயக் காலத்தில் முழு அதிகாரம் செலுத்தும் தளபதி ஆகியோர் உண்டு. திருச்சபையில் பெறும் திருமுழுக்கு ஒருபுறமிருக்க, குழந்தைக்குப் பேட்டையின் சிறு நீரூற்றிலும் ஒரு முழுக்கு நடைபெறுகிறது. அன்று கழுத்தில் கட்டப்படும் பட்டுக் கைக்குட்டை ஆயுள் முழுதும் உடன்வரும். ஒரே வீட்டில் கணவன் ஒரு பேட்டையும் மனைவி அதற்குப் பகையான பேட்டையுமாக அமைந்துவிட்டால், பாலியோ நாட்களில் அவர்கள் தத்தம் தாய்வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டு என்று உள்ளூரில் சொல்வார்கள்.

தெருமுனைச் சுவரில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, விலங்குருவம் பொறித்த சிறு தகடு பதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து நடந்து, வேறு விலங்கைக் காட்டும் தகடு எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். விழாக் காலத்தில் விளக்குகளும் கொடிகளும் அந்த எல்லையில் சட்டென்று நிறம் மாறும். நத்தையும் ஆமையும் அடுத்தடுத்த பேட்டைகள், பரம்பரைப் பகைவர்களும்கூட. அவ்விரண்டுக்கும் இடையே உள்ள தெருவைக் கடப்பது, இதை அறிந்தவருக்கு ஒரு நாட்டின் எல்லையைக் கடப்பது போலவே இருக்கும்.

இதிலிருந்து பயணிக்கு ஒரு நடைமுறைப் பாடம்: பேட்டைக் கைக்குட்டைகள் கடைகளில் விற்கப்படுகின்றன, வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பாலியோ நாட்களில் கழுத்தில் கட்டாதீர்கள். உங்களுக்கு அது நினைவுப்பொருள். எதிரே வருகிறவருக்கு அது அறைகூவல். அதுபோலவே, பேட்டை ஊர்வலம் வரும்போது வரிசையை ஊடறுத்துக் குறுக்கே போகக்கூடாது. பேட்டைகளின் அருங்காட்சியகங்களைப் பார்க்க விரும்பினால், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கனிவாகக் கேட்பவர்களுக்கு அவர்கள் கதவைத் திறந்துவிடுவார்கள்.

முதல் நாள்: திடலும் அரண்மனையும்

காலையிலேயே பியாட்சா தெல் காம்போவுக்கு வந்துவிடுங்கள். ஊரார் சுருக்கமாகக் காம்போ என்பார்கள். சிப்பி வடிவில் ஒருபக்கமாகச் சரிந்திறங்கும் இந்தச் செங்கல் திடலை வெள்ளைக் கல் வரிகள் ஒன்பது பாகங்களாகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை ஊரை ஆண்ட ஒன்பதின்மர் ஆட்சியின் அடையாளம் அது. சியெனாவில் கண்ணில் படும் பெரும் பணிகள் பலவும் அந்த 68 ஆண்டுகளில் எழுந்தவையே. சரிவின் மேல்முனையில் உள்ள ஃபொன்தே காயா நீரூற்று, நிலத்தடியில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளும் பழைய சுரங்கக் கால்வாய்களிலிருந்து நீர் பெற்றது. யாக்கொப்போ தெல்லா குவெர்ச்சா 1419இல் முடித்த மூலச் சிற்பங்களை இங்கே தேடாதீர்கள். இங்கிருப்பவை 19ஆம் நூற்றாண்டுப் பிரதிகள். மூலங்களை இரண்டாம் நாள் பார்ப்போம்.

திடலின் அடிமுனையில் 1297இல் கட்டத் தொடங்கப்பட்ட நகராட்சி அரண்மனை, பலாட்சோ புப்ளிக்கோ, நிற்கிறது. அதன் கோபுரத்துக்கு மாஞ்சா என்று பெயர். சம்பாதித்ததையெல்லாம் தின்றே தீர்ப்பவன் என்று பட்டப்பெயர் வாங்கிய முதல் மணியடிப்பவரின் நினைவாக நிலைத்துவிட்ட பெயர் அது. ஏறத்தாழ 400 படிகள், குறுகிய வழி, ஒரு நேரத்தில் சிலரையே அனுமதிப்பார்கள். ஏற விரும்புகிறவர்கள் திறக்கும் நேரத்துக்கே வரிசையில் நின்றுவிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைத் தாராளமாகத் தவிர்க்கலாம். ஊரை மேலிருந்து பார்க்க நாளை வேறு இடம் இருக்கிறது.

அரண்மனைக்குள் இருக்கும் ஒன்பதின்மர் மண்டபத்தைத் தவிர்க்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அம்புரோஜோ லொரென்செத்தி 1338, 1339ஆம் ஆண்டுகளில் மூன்று சுவர்களில் தீட்டிய நல்லாட்சி, தீயாட்சி ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. தேவாலயங்களில் விவிலியக் காட்சிகளையே தீட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஆளுகிறவர்கள் கூடிப் பேசும் அறையின் சுவரில், ஆட்சி கெட்டால் ஊர் என்னாகும் என்பதைத் தீட்டிவைத்திருக்கிறார்கள். அவசரமின்றி, குறைந்தது அரை மணி நேரம் நின்று பாருங்கள். முதலில் நல்லாட்சிச் சுவரில் அமர்ந்திருக்கும் நீதிதேவியைக் கண்டுபிடியுங்கள். அவளுடைய தராசுத் தட்டுகளிலிருந்து இரண்டு கயிறுகள் கீழிறங்குகின்றன. கீழே ஒற்றுமை என்னும் பெண் அவற்றை ஒன்றாக முறுக்கிப் பிடித்திருக்கிறாள். அவள் மடியில் ஒரு தச்சனின் இழைப்புளி. மேடு பள்ளங்களைச் சீவிச் சமப்படுத்தும் கருவியை ஒற்றுமையின் கையில் கொடுத்த ஓவியரின் கூர்மையை என்னவென்பது! முறுக்கிய கயிற்றை வரிசையாக நிற்கும் 24 குடிமக்கள் கைமாற்றிக் கொண்டுபோய் ஊரின் பொதுநலத்தைக் குறிக்கும் முதியவரிடம் சேர்க்கிறார்கள். அடுத்த சுவரில் நகரம் விரிகிறது: சாரத்தின்மேல் ஏறி நின்று கட்டட வேலை செய்கிறவர்கள், செருப்புக் கடை, கழுதைமேல் மூட்டை ஏற்றி வருகிறவர்கள், மதில் வாயிலருகே உடலைச் சுற்றி வெள்ளைப் பட்டை போட்ட ஒரு பன்றி. அந்த இனப் பன்றியைச் சியெனாவின் சுற்றுப்புறப் பண்ணைகளில் இன்றும் வளர்க்கிறார்கள். தீயாட்சிச் சுவர் ஈரத்தில் பெரிதும் சிதைந்துபோயிருக்கிறது. கயிற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் வேறொரு கயிற்றையும் பார்க்கப்போகிறோம்.

அடுத்த மண்டபத்தில் சிமோனே மார்த்தினி 1315இல் தீட்டிய அரியணை அன்னையின் பெருஞ்சுவரோவியம் இருக்கிறது. 1260 செப்டம்பர் 4 அன்று மொந்தபெர்த்தி போரில் புளோரன்ஸைத் தோற்கடித்தது முதல் மரியன்னையே தங்கள் நகரின் தலைவி என்பது சியெனாவின் உறுதியான நம்பிக்கை. இரண்டு பாலியோக்களும் அவளுடைய திருநாட்களை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

மாலையில் பாங்க்கி தி சோப்ரா தெரு வழியாக நடக்கலாம். இங்கிலாந்தின் கான்டர்பரியிலிருந்து ரோமுக்குச் சென்ற பழைய யாத்திரைப் பாதை இதுவே. யாத்திரிகர்கள் நடமாட்டமும் பணமாற்றமும் வளர்ந்த இந்த ஊரில், 1472இல் தொடங்கப்பட்டு இன்றும் இயங்கும் மோந்தே தெய் பாஸ்கி வங்கியின் பழைய மாளிகை இத்தெருவில்தான் இருக்கிறது. வழியை விட்டுச் சற்று மேற்கே விலகினால் புனித தொமினிக்கோ பேராலயம். 1347இல் சாயத்தொழிலாளி ஒருவரின் மகளாக இவ்வூரில் பிறந்த புனித கத்தரீனாவின் தலை அங்கே பேழையில் வைக்கப்பட்டிருக்கிறது. உடல் ரோமில் இருக்கிறது.

இரண்டாம் நாள்: பேராலயமும் மருத்துவமனையும்

பேராலயத்துக்கும் அதைச் சார்ந்த இடங்களுக்கும் சேர்த்துக் கூட்டுச் சீட்டு வாங்குவதே சிக்கனம். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும். உள்ளே, கருமையும் வெண்மையும் மாறிமாறி அடுக்கிய தூண்களைக் கடந்ததும் பார்வையைத் தரைக்குத் தாழ்த்துங்கள்: 56 பளிங்குச் சித்திரங்களாலான தளம் அது. 14ஆம் நூற்றாண்டில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை பணி நடந்திருக்கிறது. மிதிபட்டுத் தேயாமலிருக்க அதன் பெரும்பகுதியை ஆண்டில் பல மாதங்கள் மூடியே வைப்பார்கள். ஜூன் கடைசி முதல் ஜூலை முடியவும், ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையும் வழக்கமாகத் திறந்திருக்கும். தளத்தைப் பார்ப்பது உங்கள் நோக்கமெனில் தேதிகளை முன்னதாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நிக்கோலா பிசானோவின் பிரசங்க மேடையையும் (1265–1268), இடப்பக்கம் உள்ள பிக்கொலோமினி நூலகத்தின் பளபளக்கும் சுவரோவியங்களையும் விட்டுவிடாதீர்கள்.

பேராலயத்தின் வலப்பக்கம், கூரையில்லாமல் தனித்து நிற்கும் மாபெரும் சுவர் ஒன்று இருக்கிறது. 1339இல் சியெனா மக்கள், இப்போதுள்ள பேராலயமே குறுக்குக் கையாக அமையும் அளவுக்கு ஒரு புதிய பேராலயத்தைத் திட்டமிட்டார்கள். 1348இல் கொள்ளைநோய் வந்தது. நகர மக்களில் பாதிப்பேர் அளவுக்கு மாண்டுபோனார்கள்; நல்லாட்சி ஓவியத்தைத் தீட்டிய லொரென்செத்தியும் அதில்தான் இறந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. பணி மீளவேயில்லை. கூட்டுச் சீட்டோடு, பேராலய அருங்காட்சியகத்தின் வழியாக அந்தச் சுவரின் உச்சிக்கு ஏறலாம். ஊரை மேலிருந்து பார்க்க நான் சொன்ன இடம் இதுதான். கோபுரத்தைவிடப் படிகள் குறைவு, கோபுரமும் காட்சியில் சேர்ந்து வரும். அதே அருங்காட்சியகத்தில் தூச்சோவின் பெரும்படைப்பான அரியணை அன்னை இருக்கிறது. 1311 ஜூன் 9 அன்று அதை ஓவியரின் பட்டறையிலிருந்து பேராலயத்துக்கு ஊர்கூடி, மணிகள் முழங்க ஊர்வலமாகக் கொண்டுசென்றார்கள்.

எதிரே இருக்கும் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா பலரும் களைத்துப்போய்த் தவிர்க்கும் இடம், தவிர்ப்பது பிழை. யாத்திரிகர்களுக்கும் நோயாளிகளுக்கும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் பல நூற்றாண்டுகள் புகலிடமாக இருந்த மருத்துவமனை இது. நோயாளிகளைக் கிடத்தியிருந்த நீண்ட கூடத்தின் சுவர்களில், 1440களில் தொமேனிக்கோ தி பர்த்தோலோ முதலியோர் அந்த மருத்துவமனையின் அன்றாட வேலைகளையே தீட்டியிருக்கிறார்கள்: காயத்தைக் கழுவுகிறவர், சிறுநீர்க் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் மருத்துவர், குழந்தைகளுக்குப் பாலூட்டும் செவிலித்தாய்கள். படுத்திருந்தவர்களின் கண்முன் இவையே இருந்தன. ஃபொன்தே காயாவின் மூலச் சிற்பங்களும் இந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கின்றன.

சாப்பாடு

காம்போவைச் சுற்றியுள்ள மேசைகளில் காட்சிக்கும் சேர்த்தே விலை. ஒரு காபியோடு நிறுத்திக்கொண்டு, சாப்பிடப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுங்கள். கையால் உருட்டிய பருமனான பீச்சி என்னும் மாவிழை இவ்வூரின் உணவு. சைவர்கள் பூண்டும் தக்காளியும் சேர்ந்த குழம்போடோ, பாலாடைக்கட்டியும் மிளகும் சேர்த்தோ கேட்கலாம். ராகூ என்றிருந்தால் அது இறைச்சி. டஸ்கனி ரொட்டியில் உப்பு இராது; குறையென்று எண்ண வேண்டாம், வழக்கமே அப்படி. கணக்கில் ஆளுக்குச் சிறு தொகை மேசைக் கட்டணமாகச் சேர்ந்திருக்கும். இனிப்பில், பாதாமும் பதப்படுத்திய பழத்தோலும் இலவங்கப்பட்டை, கிராம்பு முதலியவையும் சேர்ந்த பான்ஃபோர்த்தேயை வாங்குங்கள். பழைய நாளில் நறுமணச் சரக்கு மருந்துக்கடையில் விற்ற பண்டமென்பதால் இந்தப் பணியாரமும் மருந்துக்கடைக்காரர்களின் கைச்சரக்காகவே இருந்தது. நன்கு கெடாமல் இருப்பதால் ஊருக்கும் எடுத்துவரலாம்.

பாலியோ நாட்கள்

பந்தயத்துக்குச் சில நாள் முன்பு காம்போவின் விளிம்பில் மண் கொட்டி இறுக்கி ஓடுபாதை அமைக்கிறார்கள். திடலில் மண் விழுந்துவிட்டது என்று ஊரார் சொன்னால், பாலியோ வந்துவிட்டது என்று பொருள். பாதை குறுகியது என்பதால் 17 பேட்டைகளில் பத்து மட்டுமே ஓடும்: முந்தைய ஆண்டின் அதே பாலியோவில் ஓடாத ஏழும், குலுக்கலில் வரும் மூன்றும். ஜூன் 29 அல்லது ஆகஸ்ட் 13 காலையில் குதிரைகளும் குலுக்கல் முறையிலேயே ஒதுக்கப்படுகின்றன. எந்தப் பேட்டையும் தன் குதிரையைத் தேர்ந்தெடுக்க முடியாது, பின்னர் மாற்றவும் முடியாது. கூலிக்கு வரும் குதிரைவீரரை மாற்றலாம். அவர்களில் பலர் சர்தீனியாவைச் சேர்ந்தவர்கள். நல்ல குதிரை விழுந்த பேட்டையின் கூச்சலையும், கழித்துக்கட்ட வேண்டிய குதிரை விழுந்த பேட்டையின் மௌனத்தையும் அந்தக் காலையில் திடலில் நின்று கேட்டவர்களுக்கு, பந்தயத்தின் பாதிக்கதை புரிந்துவிடும். பேட்டைகளுக்கிடையே பணம் கைமாறும் இரகசிய உடன்படிக்கைகளும் அப்போதே தொடங்குகின்றன. இது ஊழல் என்று அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. பகைவனை வெல்லவிடாமல் தடுப்பதும் தளபதியின் கடமையே.

அன்று மாலை தொடங்கி ஆறு ஒத்திகை ஓட்டங்கள். பெரும்பாலான பயணிகளுக்கு என் அறிவுரை இதுதான்: முதல் முறை வருகிறவர்கள் ஒத்திகைகளுக்கே முதலிடம் கொடுங்கள். நெரிசல் குறைவு, குழந்தைகளையும் அழைத்துப் போகலாம், பேட்டையினர் கூட்டமாகப் பாடிக்கொண்டு வருவதை அருகிலிருந்து பார்க்கலாம். பந்தயத்துக்கு முந்திய இரவு, ஓடவிருக்கும் பேட்டைகள் தங்கள் தெருக்களில் நீண்ட மேசைகளிட்டு விருந்து நடத்துகின்றன. வெளியாரும் பேட்டையிடம் முன்பதிவு செய்து இடம் பெறலாம். பந்தயச் சீட்டுக்குச் சில நூறு யூரோ கொடுப்பதைக் காட்டிலும் இந்த விருந்துக்குச் செலவழிப்பதே எனக்கு உவப்பானது.

பந்தய நாள் பிற்பகலில், ஒவ்வொரு பேட்டையும் தன் குதிரையைத் தன் கோயிலுக்குள் அழைத்துச் சென்று மந்திரிக்கிறது. குருவானவர் குதிரையை நோக்கி, போ, வென்று வா என்பார். உள்ளே யாரும் அசைவதில்லை; குதிரை மிரளக்கூடாது. அது கோயில் தரையில் சாணமிட்டால் நல்ல சகுனம். இடம் கிடைத்து உள்ளே நின்றால், கைப்பேசி விளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கி நில்லுங்கள்.

திடலின் நடுவில் நின்று பார்ப்பதற்குக் கட்டணமில்லை. ஆனால் பிற்பகலிலேயே உள்ளே போய்விட வேண்டும். வாயில்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்படும், பந்தயம் முடியும்வரை வெளியேறுவது கடினம், நிழலில்லை, கழிப்பறையில்லை. தொப்பியும் நிறையத் தண்ணீரும் வேண்டும். சிறு குழந்தைகளோடு அங்கே நிற்கவே கூடாது. முதலில் வரலாற்று ஊர்வலம்: மேளக்காரர்கள், கொடியை வானில் வீசிப் பிடிக்கும் இளைஞர்கள், இறுதியில் வெள்ளை எருதுகள் இழுக்கும் போர்வண்டி. அதில்தான் பரிசு வருகிறது: அன்னையின் உருவம் தீட்டிய ஒரு பட்டுக்கொடி. அதைப் பேட்டையினர் செல்லமாகக் கந்தல் என்பார்கள். வெற்றிக்கு வேறு பரிசு கிடையாது. வென்ற பேட்டை உடன்படிக்கைகளின்படி மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம்தான் உண்டு.

பின்னர் கயிறு. ஓடுபாதையின் குறுக்கே இரண்டு தடித்த கயிறுகள் கட்டப்பட்டிருக்கும். எந்தக் குதிரை எந்த இடத்தில் நிற்பது என்பது கடைசி நொடிவரை மூடிய உறைக்குள் இருக்கும். அதைப் படிக்கத் தொடங்கும்போது பல்லாயிரம் பேர் நிறைந்த திடல் ஒரேயடியாக அடங்கிப்போகும். ஒன்பது குதிரைகள் கயிறுகளுக்கிடையே நிற்க வேண்டும். பத்தாவது குதிரை வெளியே, பின்னால் நிற்கும். அது உள்ளே பாய்ந்து வரும் கணத்தில்தான் முன்கயிறு விழும். எப்போது பாய்வது என்பது அந்தப் பத்தாவது வீரரின் விருப்பம். பகைப்பேட்டையின் குதிரை நிலைகுலைந்து திரும்பி நிற்கும் நொடிக்காக அவர் காத்திருப்பார். மற்ற ஒன்பது பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேரம் பேசிக்கொண்டு நிற்பார்கள். வரிசை கலைந்தால் அனைவரையும் வெளியே அனுப்பி மீண்டும் அழைப்பார்கள். இது ஐந்து நிமிடத்திலும் முடியலாம், ஒரு மணி நேரமும் இழுக்கலாம்; இருட்டிவிட்டால் பந்தயம் மறுநாளைக்குத் தள்ளிப்போகும். அரண்மனைக்குள் 24 பேர் ஒற்றுமையாகப் பிடித்திருக்கும் கயிற்றுக்கும், அதன் முன்னுள்ள திடலில் பகைவர்களை அடைத்துவைக்கும் இந்தக் கயிற்றுக்கும் இடையே சில நூறு அடி தூரமே இருக்கும்.

ஓட்டமோ ஒன்றே கால், ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். சேணமில்லாக் குதிரைகள் திடலை மூன்று முறை சுற்றும். வீரர்களின் கையில் உள்ள சவுக்கு குதிரைக்கு மட்டுமன்று, எதிரியின் முகத்துக்கும்தான். சரிவில் இறங்கித் திரும்பும் சான் மார்த்தினோ வளைவில் சுவருக்கு மெத்தைகள் சார்த்தியிருப்பார்கள். பலர் விழுவது அங்கேதான். வீரர் விழுந்தாலும் குதிரை ஓடி முதலில் வந்தால் வெற்றி செல்லும். குதிரைகள் காயப்படுவதும் இறந்ததும் உண்டு என்பதால் விலங்குநல அமைப்புகள் இப்பந்தயத்தை நெடுங்காலமாக எதிர்த்து வருகின்றன. அந்த எதிர்ப்புக்குப் பிறகு மருத்துவச் சோதனைகள் கடுமையாகியிருக்கின்றன. கலப்பினக் குதிரைகளையே ஓடவிடுகிறார்கள். இருந்தாலும் இதைப் பார்க்க மனம் ஒப்பாதவர்கள் ஊர்வலம் வரை பார்த்துவிட்டு விலகுவது தவறாகாது.

பந்தயம் முடிந்தவுடன் தடுப்புகளைத் தாண்டிக் கூட்டம் பாதைக்குள் பாயும். அந்தச் சில நிமிடங்கள் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அழுகிறவர்களையும் கைகலக்கிறவர்களையும் படமெடுக்க நெருங்காதீர்கள். இரண்டாவதாக வந்த பேட்டையே உண்மையில் தோற்ற பேட்டை என்பது இவ்வூரின் கணக்கு. நெடுநாள் வெல்லாத பேட்டைக்குப் பாட்டி என்று பெயர். 1989க்குப் பிறகு வெல்லாமல் அந்தப் பெயரைச் சுமந்த ஓநாய்ப் பேட்டை, 2016 ஜூலையில் வென்று, அதே ஆண்டு ஆகஸ்டிலும் வென்றது. வென்றவர்கள் ஜூலையில் புரொவென்சானோ கோயிலுக்கும் ஆகஸ்டில் பேராலயத்துக்கும் கொடியை ஏந்தி ஓடுவார்கள்; கூட்டத்தோடு நீங்களும் உள்ளே போகலாம். அங்கே வளர்ந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளின் சூப்பானை வாயில் வைத்திருப்பதைப் பார்த்தால் திகைக்க வேண்டாம்: வெற்றி என்பது மறுபிறப்பு, அன்று அவர்கள் பிறந்த குழந்தைகள். கோடை முடிந்ததும் வென்ற பேட்டை தன் தெருவில் ஆயிரக்கணக்கானோர் அமரும் வெற்றி விருந்தை நடத்தும். அதற்கும் இடம் கேட்டுப் பார்க்கலாம். மேசையின் தலைமாட்டில், தனித் தொட்டியில் தீனியோடு நிற்பது அந்தக் குதிரை.